காலாட்டிப் பிழைக்கும் பேராண்டிக்கு

பேராண்டி, நீ எழுதி வச்சிருந்த நோட்டைப் படிச்சுட்டேன். கெழவனுக்குக் கண்ணு தெரியாது, சும்மா பொரட்டிப் பாத்துட்டு ‘நல்லா இருக்குப்பா’ன்னு திருப்பிக் குடுத்துடுவான்னுதானே என்கிட்ட குடுத்தே? போன மாசம்தான் கண்ணு ஆபரேஷன் ஆச்சு. ஒரு வரி விடல.

சிறுசேரியில பேங்க்காரனுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டு, கேம் டெவலப்பர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. அதுல கெடச்ச ஞானத்தையெல்லாம் கொட்டியிருக்கே. ‘என்னை நானே கண்டெடுத்த வருஷம்’னு மேல தலைப்பு வேற. இந்த ஒரு வருஷமும் பிள்ளையார்பாளையத்து மாடி ரூம்லதானே இருந்தே? உன்னை யாருப்பா தொலைச்சது?

தொழில மாத்துறது ஒண்ணும் இந்த ஊருக்குப் புதுசில்ல. காஞ்சிபுரத்து ராஜகுமாரர் ஒருத்தர் அரண்மனையை விட்டுட்டுச் சீனாவுக்குப் போய் போதிதர்மர் ஆனாருன்னு சொல்லுவாங்க. அங்க போயி ஒன்பது வருஷம் சுவத்தைப் பாத்தே உக்காந்திருந்தாராம். நீ ஒரு வருஷம் ஸ்கிரீனைப் பாத்ததுக்குக் கழுத்து வலின்னு ஒரு பக்கம் எழுதியிருக்கே. அண்ணாதுரையை எடுத்துக்கோ. 1909-ல இந்த ஊர் நெசவாளர் குடும்பத்துல பொறந்தவரு. வீட்டுக் கஷ்டத்துக்கு நகராட்சி ஆபீஸ்ல கொஞ்ச நாள் கிளார்க்கு. அப்புறம் பச்சையப்பன் காலேஜ் படிப்பு, வாத்தியார் வேலை, பத்திரிகை, நாடகம், சினிமாவுக்குக் கதை வசனம், 1967-ல முதலமைச்சர். ஒவ்வொரு தடவை மாறுனப்பவும் ‘இந்த வருடம் நான் கற்ற பன்னிரண்டு பாடங்கள்’னு உக்காந்து எழுதியிருந்தாருன்னா கட்சி ஆரம்பிக்க நேரம் இருந்திருக்குமா?

சரி, விடு. எனக்குச் சிரிப்பு வந்த எடம் வேற. ‘எங்கள் பரம்பரையில் கோடிங் தொட்ட முதல் ஆள் நான்’னு எழுதியிருக்கே பாரு, அங்க.

அடேய், உங்க தாத்தன் தறி மேல இருந்த பெட்டி இன்னான்னு நெனச்சே? அது ஜக்கார்டு. 1804-ல பிரான்ஸ் தேசத்து லியோன் பட்டணத்துல ஜக்கார்டுன்னு ஒருத்தன் பண்ணது. லியோனும் நம்மள மாதிரி பட்டு நெய்யிற ஊருதான். மயிலோ யாளியோ மாங்காயோ, மொதல்ல கட்டம் போட்ட தாள்ல வரையணும். கட்டம் கட்டமா புள்ளி வச்சு நெரப்பணும். அதைப் பாத்து அட்டையில ஓட்டை குத்தணும். ஓட்டை இருந்தா நூல் தூக்கும், இல்லைன்னா கெடக்கும். மொத்தம் ரெண்டே வார்த்தைதான். இதைப் பாத்துத்தான் இங்கிலாந்துல பாபேஜுன்னு ஒரு ஆளு தன்னோட கணக்கு மெஷினுக்கும் ஓட்டை அட்டை வைக்கலாம்னு திட்டம் போட்டாரு. கம்ப்யூட்டருக்கு முப்பாட்டன் அதுதான்னு நீங்களே பெருமை பேசுவீங்க. ஜக்கார்டு வர்றதுக்கு முந்தி நம்ம ஆளுங்க ‘அடை’ன்னு நூல்லயே டிசைனைக் கட்டி வச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு பையன் நின்னு நேரம் பாத்து இழுத்து விடணும்.

நீ வரையிற ‘பிக்சல் ஆர்ட்’டைப் பாத்தேன். கட்டம் கட்டமா ஒரு குதிரை. நல்லாத்தான் இருக்கு. உங்க தாத்தன் ஒரு வாட்டி அட்டையில ஒத்த ஓட்டையத் தப்பாக் குத்திட்டு, கரை நெடுக ஒரு மயிலுக்கும் மூக்கில்லாம நெய்தாரு. நீங்க அதுக்கு வச்ச பேரு ‘பக்’. அன்னிக்கு உங்க பாட்டி வச்ச பேரை உன் நோட்டுல எழுத முடியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பல்லவர் காலத்துக் காஞ்சி முழுசையும் கேமா கட்டப் போறியாம். கோட்டை, கடைத்தெரு, கோயிலு, புலிகேசி படையெடுப்பு, நரசிம்மவர்மன் வாதாபிக்குக் கெளம்புறது, எல்லாம். ஆடுறவன் எந்தத் தெருவுல வேணா நொழையலாமாம். ஆள் எத்தனைன்னு பாத்தா, நீ ஒருத்தன். ஒரு வருஷத்துல முடிஞ்சது எவ்வளவுன்னு பாத்தா, குதிரை. அதுலயும் வாலு இன்னும் ஆட மாட்டேங்குது. கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருக்கியா? ராஜசிம்மன் கட்டுனது. பிராகாரத்தைச் சுத்தி 58 குட்டிச் சன்னிதி வரிசையா நிக்கும். ஒரு ஆள் குனிஞ்சு உக்காந்தா ரொம்பிடும், அவ்வளவுதான் ஒண்ணொண்ணும். கஜானா, சிற்பி, யானை எல்லாம் கையில வச்சிருந்த ராஜாவே அத்தனை சின்னதாக் கட்டியிருக்கான். உனக்கு இருக்கிறது ஒரு லேப்டாப்பு, அதுக்கும் தவணை பாக்கி. ஒரே ஒரு குட்டிச் சன்னிதி கட்டேன்.

சின்னதா பண்ணா எவன் மதிப்பான்னு கேப்பே. கனடாவுல டொராண்டோவுல இருந்து அபின்னு நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தர் ‘வெண்பா’ன்னு ஒரு கேம் பண்ணாரே, 2023-ல வந்துச்சே, நீதான் எனக்குப் போன்ல காட்டுனே. 1980-கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அந்தம்மா சமைக்கிறா, பையன் வளர்றான். சண்டை இல்ல, துப்பாக்கி இல்ல. கிழிஞ்சுபோன சமையல் குறிப்பை வச்சுக்கிட்டு இட்லி எப்படி ஊத்துறதுன்னு கண்டுபிடிக்கணும். சாவகாசமா ஆடுனாலும் ஒரு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சு போகும். அதுக்குத்தான் 2024-ல லண்டன்ல பாஃப்டா விருது குடுத்தாங்க, மொத கேமுக்குன்னு இருக்கிற விருதை. அமெரிக்காவுல தனிக் கலைஞருங்க கேமுக்கெல்லாம் நடக்கிற விழாவுல பெரிய பரிசும் அதுக்குத்தான். அவரு எடுத்தது வீட்டு இட்லி. மூங்கில் குடலையில மந்தாரை எலை போட்டு, மொளகு சீரகம் சுக்கு சேத்து வேக வைக்கிற நம்ம வரதராஜர் கோயில் இட்லியை உனக்குன்னு விட்டு வச்சிருக்காரு. யோசனை சொன்னதுக்கு எனக்கு ரெண்டு இட்லி போதும்.

அதுவும் அவரு ஒண்டியாப் பண்ணலை. படம் வரைய ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர்னு கூட ஆளு இருந்தாங்க. நீ ‘தனி ஆளாகவே செய்கிறேன்’னு மூணு எடத்துல எழுதியிருக்கே. கோர்வைச் சேலை நெய்யிறதைச் சின்ன வயசுல பாத்திருப்பே. உடம்பு ஒரு சாயம், ரெண்டு கரையும் வேற சாயம். நாடா மூணு ஓடும். அந்தாண்ட பக்கம் ஒரு ஆள் உக்காந்து நாடாவை வாங்கித் திருப்பி விட்டாத்தான் கரை உடம்போட கோத்துக்கும். எவ்வளவு பெரிய கைகாரனா இருந்தாலும் எட்டிப் போய் ரெண்டு பக்கமும் உக்கார முடியாது. நீ போட்ட பாட்டைக் கேட்டேன் பேராண்டி. அந்தாண்ட பக்கத்துக்கு ஒரு ஆளைத் தேடு.

அமெரிக்காவுல ஒருத்தன் ஒண்டியாவே பண்ணி ஜெயிச்சான்னு எதிர்க்கேள்வி போடுவே. எரிக் பரோன், ‘ஸ்டார்டியூ வேலி’, 2016. தெரியும், அதையும் நீதான் சொன்னே. படிச்சு முடிச்சவன் வேலை கெடைக்காம நாலரை வருஷம் தனியா உக்காந்து பண்ணான். ஆனா சாயந்திரத்துல ஒரு தியேட்டர்ல சீட்டு காட்டுற வேலைக்குப் போனான். கூட வாழ்ந்த பொண்ணு சம்பாதிச்சுக் குடும்பத்தை ஓட்டுனா. உன் நோட்டுல சீட்டு காட்டுற வேலையும் காணோம், அந்தப் பொண்ணையும் காணோம். உங்கம்மா பேர்ல ஒரு நகைக்கடன் மட்டும் இருக்கு.

பெரிய கம்பெனியில போய்ச் சேந்தா பத்திரமான்னு ஒரு பக்கம் யோசிச்சிருக்கே. 2024 ஜனவரி மாசத்துல மட்டும் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவுல 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினான். நீ எதை வச்சு கேம் கட்டுறியோ அந்த யூனிட்டி கம்பெனி அதே மாசம் சுமார் 1,800 பேரைக் குறைக்கிறதா அறிவிச்சான். உன் சேக்காளி ஒருத்தன் ‘ரம்மி கம்பெனிக்கு வா, சம்பளம் ரெட்டிப்பு’ன்னு கூப்பிட்டானே, நீ போகலை. அந்த ஒண்ணுக்கு மட்டும் உன் முதுகுல தட்டிக் குடுக்கிறேன். காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு 2025 ஆகஸ்ட்டுல பார்லிமெண்ட்டுல சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. ஊர்க் குடும்பத்தை அழிச்ச காசுல மாடி கட்டுனவங்க கடையச் சாத்துனதுக்கு என் கண்ணுல தண்ணி வரல.

ஆட்டம்னா இன்னான்னு தெரியணுமா? பழைய கோயில் மண்டபத் தரைங்கள்ல ஆடுபுலிக் கட்டம் கீறி வச்சிருப்பாங்க. புலி மூணு, ஆடு பதினஞ்சு. யாரு கண்டுபிடிச்சாங்கன்னு பேரு கெடையாது. புலி பலமாயிடுச்சுன்னு எவனும் மறுநாள் வந்து ‘அப்டேட்’ போட்டதில்ல. பதினாலு ஆடா, பதினாறா, எதுல ஆட்டம் சுவாரசியமா இருக்கும்னு எத்தனை கெழவனுங்க எத்தனை மத்தியானம் தூங்காம ஆடிப் பாத்திருப்பாங்க! உன் குதிரையோட வாலை விட்டுட்டு அந்தக் கணக்கை ஒரு வாரம் யோசி.

அப்புறம் ரிலீஸ் தேதி. ‘தயாரானதும் வரும்’னு போட்டிருக்கே. அப்படி இழுக்கிறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் பாத்தியதை. அத்தி வரதர் நாப்பது வருஷம் அனந்தசரஸ் குளத்து அடியில இருந்துட்டு 2019 ஜூலை 1-ஆம் தேதி எழுந்தாரு. 48 நாள் தரிசனம். ஊர்ல கால் வைக்க எடமில்ல. ஆகஸ்ட் 17 திரும்ப உள்ள போயிட்டாரு. அடுத்தது 2059. அவருகூடத் தேதி சொல்லிட்டுத்தான் படுத்தாரு.

காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பிழைக்கலாம்னு பழமொழி. தறிக்குழியில மிதிபலகையை மிதிச்சாச் சோறுன்னு அர்த்தம். அந்தக் காலுங்கெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு பாத்தியா? 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட்டி வந்துச்சு. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா. அது 2014-ல மூடிட்டுப் போச்சு. ஒரகடம் பக்கம் இன்னும் எத்தனையோ. தறிக்காரன் புள்ளைங்க காலைல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்குதுங்க. 1985-லயே கைத்தறிக்குன்னு ரகம் ஒதுக்கிச் சட்டம் வந்துச்சு, 2005-06-ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் குடுத்தாங்க. சேலைக்குப் பேரு நெலைச்சுது, நெய்யிறவன் நெலைக்கல.

உங்கப்பனும் அதுல ஒருத்தன். கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உக்கார ஆள் கெடைக்காம, கூலி கட்டாம, தறியப் பிரிச்சு மரத்தை வெறகு வெலைக்கு வித்துட்டு, நாப்பது வயசுல ஒரு கம்பெனி கேட்ல வாட்ச்மேனாப் போய் நின்னான். அதுவும் தொழில் மாத்தினதுதான். அந்தச் சம்பளத்துலதான் உனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினான். உன் நோட்டுல அவனைப் பத்தி ஒரே வரி: ‘அப்பாவுக்கு என் முடிவு புரியவில்லை.’

நாளைக்கு நைட் டியூட்டி முடிச்சுட்டு ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு எறங்குவான். தறிய வித்த வருஷம் எப்படிப் போச்சுன்னு கேளு. கேக்கிறதுன்னா ஆறரைக்கே எழுந்திரு. நீ வழக்கம்போல பதினோரு மணிக்குக் கண்ணு முழிச்சா, அவன் தூங்கிட்டிருப்பான்.