நின்ற அளவும் குனிந்த அளவும்: பட்டாபட்டித் தையல் குறித்த ஓர் ஆராய்ச்சி

காவிரிப் படுகையின் வேளாண்மையைப் பற்றி எழுதியோர் 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையையும், குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களையும் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். ஆயினும் அவ்வயலில் இறங்குபவர் வேட்டியை மடித்துக் கட்டியதும் வெளிப்படும் உடையைப் பற்றி அவர்கள் வாய் திறந்ததில்லை. பட்டாபட்டி எனப்படும் அவ்வுடை, பட்டை பட்டையாகக் கோடிட்ட பருத்தித் துணியில், இடுப்பில் நாடாவும் பக்கவாட்டில் பையும் கொண்டு, முழங்காலுக்குச் சற்று மேலே முடிவடையும் கால்சட்டையாகும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தன் அருகே கொண்ட நீடாமங்கலத்தில், துணி இரண்டு கால்களாகப் பிரியும் இடத்தை ஆராய ஒருவரும் முன்வராதது கல்வியுலகின் குறையென்றே கொள்ளவேண்டும்.

இவ்வுடையின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. குறுங்கால்சட்டையைக் குறிக்கச் சல்லடம் என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக உண்டு; தையல் தொழிலாளரான துன்னகாரரைச் சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் குடிவைத்திருக்கிறது. அமெரிக்காவின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் வேலையாட்களின் கால்சட்டைப் பை முனைகள் கிழியாதிருக்கச் செப்பாணி அடித்து, லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அதற்குக் காப்புரிமை பெற்றது 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள்தான். அத்தீர்வைப் படுகைக்குக் கொண்டுவர இயலாததற்குக் காரணம் உண்டு. அங்கே கிழிந்தது பை. இங்கே கிழிவது ஆசனம். ஆசனத்தில் ஆணி அடிப்பதை எந்தச் சாத்திரமும் அனுமதிப்பதில்லை.

வீட்டுத் தையலில் முதல் இடர், அளவு கொடுக்கவேண்டியவர் அளவுக்கு நிற்பதில்லை என்பது. நாடா அளவுகோலுடன் அணுகினால் அவர் கொல்லைப்புறம் செல்கிறார். இடுப்பளவைக் கேட்டால் "எப்பவும் போலத்தான்" என்கிறார். ஆகவே தைப்பவர் கொடியிலிருந்து ஒரு பழைய பட்டாபட்டியை எடுத்து, அதையே அளவாகக் கொண்டு வெட்ட நேர்கிறது. இதற்கு அளவு டவுசர் என்று பெயர். இங்கே ஆய்வு சுவடிப் பதிப்பின் எல்லைக்குள் நுழைகிறது. பாபநாசம் வட்டாரத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டே பாடத்தை முடிவு செய்தார். பட்டாபட்டித் தையலிலோ ஒற்றைச் சுவடியே கிடைக்கிறது, அதுவும் சிதைந்த சுவடி. பழைய துணி முழங்கால் பக்கம் தொய்ந்து, இடுப்புப் பக்கம் சுருங்கி, மூன்று பருவத்துச் சேற்றையும் வெளுப்பையும் கண்டிருப்பதால், அதைப் பார்த்து வெட்டுபவர் துணியின் நோயையும் சேர்த்தே படியெடுக்கிறார்; அந்தப் படி அடுத்த ஆண்டு மூலமாகும்போது பிழை இரட்டிக்கிறது. ஆசனத்தில் வைத்துத் தைத்த ஒட்டுகளை இடைச்செருகல் என்றே வகைப்படுத்த வேண்டும். மூலத்தின் கோடு நெடுக்கே ஓட, ஒட்டின் கோடு குறுக்கே ஓடுமாயின், அது பிற்காலத்தது என்பதும், அவசரத்தில் செருகப்பட்டது என்பதும், செருகியவர் அன்று நல்ல மனநிலையில் இல்லை என்பதும் தெளிவு.

இரண்டாவது இடரே தலையாயது. அளவு நாடா நின்ற மனிதனை அளக்கிறது. பட்டாபட்டியோ குனிந்த மனிதனுக்கானது. நாற்றங்காலில் நாற்றுப் பறிப்பவரும், கால்களை அகட்டி நின்று மண்வெட்டியால் வரப்பின் அண்டை வெட்டுபவரும் நாளின் பெரும்பகுதியை வளைந்தே கழிக்கின்றனர். உடல் வளையும்போது முன்புறம் குறுகிப் பின்புறம் நீள்கிறது. தோல் நீண்டு கொடுக்கும், துணி கொடுக்காது. நீளம் போதாத துணி முதலில் இடுப்பைக் கீழே இழுத்து, முதுகின் அடிப்பகுதியை ஊராரின் பார்வைக்கு வைக்கிறது. அதன்பின்னும் போதாவிடில் தையலை விடுகிறது. அங்கங்கே கடைப்பிடிக்கப்படும் பரிகாரம், எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டித் தைப்பது. இது தவறான வைத்தியம். தொளதொளத்த கால்சட்டை சேற்றுநீரைக் குடித்துக் கனக்குமே தவிர, வேண்டிய இடத்தில் நீளாது. உரியவரைச் சமமான பலகையில் உட்கார வைத்து, இடுப்பிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளந்து, அதனுடன் ஓர் அங்குலம் சேர்த்து, பின்புறத்தை மட்டும் முன்புறத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி வெட்டுவதே முறை. கவட்டில் நாலங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் கால் அகலும்போது இழுவிசை ஒரே தையலில் விழாமல் பரவுகிறது. அத்துண்டைப் பாவு நூலின் போக்கில் வெட்டாமல், கிராஸ் கட்டிங் என்று தையற்காரர் சொல்லும் சாய்வாட்டில் வெட்டினால் துணியே சற்று இழுபடும்.

துணிக்கணக்கு எளிது. இருபது அங்குல உயரத்துக்கு மடிப்பும் நாடாப் பட்டியும் சேர்த்து ஒரு காலுக்கு 24 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு கால்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழ 48 அங்குலம். இதை நம்பி 1.25 மீட்டர் வாங்குபவர், பருத்தி முதல் நனைப்பிலேயே சுருங்கும் என்பதை மறந்தவர்; 1.30 மீட்டர் வாங்கி, வெட்டுவதற்கு முந்தைய இரவே வாளியில் ஊறப்போட்டவரே அறிவுடையவர்.

இதன்பின் மிஷின் கிடைக்கவேண்டும். படுகையின் வீடுகளில் மிதிமிஷின்கள் அக்கம்பக்கத்து ரவிக்கைகளுக்கு நேர்ந்துவிடப்பட்டவை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் பெற்றதாயினும், சொந்தப் பணத்தில் வாங்கியதாயினும், கூலி தரும் ரவிக்கைக்கே முதல் மரியாதை. வீட்டுக்காரரின் கால்சட்டை கோயில் வாசலில் கடைசியாகப் பிரசாதம் பெறுபவரைப் போலக் காத்திருக்கிறது. முறை வந்ததும் கவட்டுத் தையலை இருமுறை ஓட்டி, வளைவில் கத்தரியால் சிறு வெட்டுகள் இட்டு, ஓரங்களை மடித்து மேல்தையல் போட்டுவிட வேண்டும்.

நாடா கோப்பது தனிக் கலை. நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்திப் பட்டிக்குள் தள்ளிக்கொண்டே போகையில் பாதிவழியில் ஊக்கு திறந்துகொள்வது இயற்கை விதி. இதற்கு ஆகும் நேரத்தை அளக்க நிமிடத்தைவிடத் தக்க அலகு நீடாமங்கலத்தில் உண்டு: ரயில்வே கேட். சரக்கு வண்டியின் எஞ்சின் திசைமாறும் வேளையில் கேட் ஒருமுறை மூடித் திறப்பதற்குள், பேருந்தில் அமர்ந்தபடியே ஒருவர் இரண்டு நாடா கோத்து, ஒன்றைத் தவறிப்போய் உருவியும் விடலாம். எலாஸ்டிக் இத்தொல்லையை ஒழித்ததென ஒரு சாரார் வாதிப்பர். ஈரத்திலும் வெயிலிலும் மாறிமாறிக் கிடந்து எலாஸ்டிக் தளரும் நாளில், இரு கையிலும் நாற்று முடிச்சுடன் வரப்பில் நடப்பவரின் நிலையை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பொருத்தம் பார்க்கக் கண்ணாடி உதவாது. கண்ணாடிமுன் எவரும் நிமிர்ந்தே நிற்பர். உரியவரைத் திண்ணையில் மூன்றுமுறை குத்தவைத்து எழச்செய்து, தைத்தவர் பின்னால் நின்று செவியால் ஆராயவேண்டும். ஓசை ஏதும் எழவில்லையெனில் உடை முடிந்தது. டர் என்றால் பிரித்து, ரவிக்கைகளின் வரிசைக்குப் பின்னே மீண்டும் வைக்கப்படும். இரு நிலையிலும் துணியின் ஓரத்தில் ஆறங்குல அகலப் பட்டை மிஞ்சுகிறது. அதில் பையும் கவட்டுத் துண்டும் போக எஞ்சியது, பித்தான்களும் அறுந்த ஊக்குகளும் கிடக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள், தாளடி அறுவடைக்குள் தேவைப்படப்போகும் இடைச்செருகலுக்காக மடித்து வைக்கப்படுகிறது.