கமாவுக்கு ஒரு கமிட்டி

சங்கத் தலைவர் என்றதும் நம் ஊரில் ஓர் உருவம் மனசில் வந்து நிற்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா, தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ், எங்கே போனாலும் பின்னால் நாலு பேர். நான் சொல்லப்போகிற தலைவிக்கு இவற்றில் பேனா ஒன்றுதான் பொருந்தும். அதுவும் சிவப்புப் பேனா.

அவர் எடிட்டர்கள் சங்கத்தின் தலைவி. பத்திரிகை ஆசிரியரையும் சினிமாவில் படம் வெட்டுகிறவரையும் இங்கே நினைக்க வேண்டாம். இவர்கள் அடுத்தவர் எழுதியதை வாங்கி, எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகின்றனவா, மூன்றாம் பக்கத்தில் விதவையானவள் நாற்பதாம் பக்கத்தில் புருஷனோடு பீச்சுக்குப் போகிறாளா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, அட்டையில் பெயர் வராமல் ஒதுங்கிக்கொள்ளும் இனம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. கனடாவில் 1979-இல் தொடங்கினார்கள், பிரிட்டனில் 1988-இல், அமெரிக்காவில் காப்பி எடிட்டர்களுக்கென்று 1997-இல். பிரிட்டன்காரர்கள் அரச சாசனமே வாங்கி, 2020-இல் சங்கம் என்ற பெயரை நிறுவனம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஏராளம். அவர்களில் என்னைப் போன்ற சிலர் கடல் தாண்டிச் சந்தா கட்டி இப்படி ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறோம். லண்டனில் மாலை ஐந்து மணிக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரை. டொராண்டோவில் இரவு ஏழு என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. பால் பாக்கெட் வந்து விழும் நேரத்தில் பல தீர்மானங்களை வழிமொழிந்த அனுபவம் எனக்கு உண்டு. தலைவிகள் மாறியிருக்கிறார்கள், தினுசு மாறவில்லை.

அந்தத் தினுசு ஜூமில் தோன்றும்போது முதலில் தெரிவது பூனையின் வால். பிறகு இரண்டு கண்ணாடி: ஒன்று மூக்கில், மற்றது தலைமேல். இரண்டையும் தேடிக்கொண்டிருப்பார். பின்னால் அலமாரியில் ‘சிகாகோ மேன்யுவல் ஆஃப் ஸ்டைல்’ முதுகு காட்டி நிற்கும். 1906-இல் முதலில் வந்து, 2024-இல் பதினெட்டாம் பதிப்பு கண்ட, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் புத்தகம் காலில் விழுந்தால் ஒரு வாரம் நடக்க முடியாது. தலைவியிடம் பழைய பதிப்புகளும் இருக்கும். தூக்கிப் போட மனசு வராது. எந்த விதி எந்தப் பதிப்பில் எப்படிக் கெட்டுப்போனது என்று காட்ட ஆதாரம் வேண்டுமே!

அவர் தலைவியான கதை எல்லாச் சங்கத்திலும் ஒரே கதைதான். போட்டியின்றித் தேர்வு. நம் ஊரில் ஒருவர் போட்டியின்றித் தேர்வானால், மற்றவர்கள் எவ்வளவு வாங்கிக்கொண்டு வாபஸ் பெற்றார்கள் என்று விசாரிப்போம். அங்கே அதற்கு ஒரே அர்த்தம்: வேறு யாரும் சிக்கவில்லை. எடிட்டர் என்பவர் பெரும்பாலும் தனியே உட்கார்ந்து, போன் அடித்தால் திடுக்கிட்டு, ‘மெயில் போட்டிருக்கலாமே’ என்று வருந்துகிற சுபாவம். அப்படிப்பட்ட ஆயிரம் பேரைச் சேர்த்து ‘தலைமைக்கு யார் வருகிறீர்கள்?’ என்று கேட்டால் ஆயிரம் மைக்கும் ம்யூட்டுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து, ‘அறிவிப்பில் இரண்டாம் பத்தியில் ஒரு சின்னத் திருத்தம்’ என்று யாராவது வாயைத் திறப்பார். அடுத்த இரண்டு வருஷத்துக்கு அவர்தான் தலைவி.

இதை ஒரு நாள் என்னோடு வேலை பார்க்கிற தம்பியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“மாசம் எவ்ளோ சார் வரும் அவங்களுக்கு?”

“ஒண்ணும் கிடையாதுப்பா.”

“சரி சார், கார் கீர்?”

“கிடையாது.”

“அப்ப காலேஜ் சீட்டு, கான்ட்ராக்ட் அந்த மாதிரி?”

“கமா போடுறதுல என்னய்யா கான்ட்ராக்ட்?”

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். “வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?” என்றான்.

அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனென்றால் இந்தச் சங்கங்களின் தலையாய உபதேசமே ‘கூலி இல்லாமல் வேலை செய்யாதே’ என்பதுதான். பிரிட்டன் சங்கம் மெய்ப்புப் பார்க்க மணிக்கு இவ்வளவு, பிரதியைச் செம்மைப்படுத்த இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலிப் பட்டியலே வெளியிடுகிறது. புதிதாக வருகிறவர்களிடம் தலைவி கண்டிப்பாகச் சொல்வார்: “நண்பர் கேட்டார், உறவுக்காரர் கேட்டார் என்று ஓசியில் ஒரு பக்கம்கூடப் பார்க்காதீர்கள். உங்கள் நேரத்துக்கு விலை உண்டு.” இதைச் சொல்லி முடிக்கும்போது அங்கே நள்ளிரவு. தனக்குக் கூலி வரவேண்டிய புத்தகம் மேஜையில் கெடு தாண்டிக் கிடக்க, அவர் சங்கத்தின் ஆண்டறிக்கைக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருப்பார். அவரே உபதேசிக்கிற பட்டியலின்படி கணக்குப் பார்த்தால் சங்கம் அவருக்கு ஒரு நல்ல கார் பாக்கி. பொருளாளரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் அவரும் ராஜினாமா செய்ய வேண்டியிருக்கும்.

கூட்டத்தைப் பார்க்க வேண்டும். 1863-இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவ இன்ஜினீயர் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கட்டுப்படுத்தத் தெரியாமல் மானம் போய்த் திரும்பினார். அந்த ரோஷத்தில் படித்துப் படித்து, 1876-இல் கூட்டம் நடத்தும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். முன்மொழிவு, வழிமொழிவு, திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் எல்லாம் அதில் உண்டு. மற்றவர்களுக்கு அது சண்டையை அடக்கும் ஆயுதம். எடிட்டர்கள் கையில் கிடைத்ததும் என்ன ஆயிற்று என்றால், ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் நோக்கம் என்று நாலு வரி உண்டு. அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முடிவாயிற்று. செயலாளர் ஒரு வரைவை எல்லோருக்கும் அனுப்பினார். திரும்பி வந்தபோது திரையில் வரைவைக் காணோம். சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று ஆளுக்கொரு நிறத்தில் அடித்தலும் சேர்த்தலும்தான் இருந்தன. ஓரத்தில் குறிப்புகள். குறிப்புகளுக்குப் பதில் குறிப்புகள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மீட்டு, ‘மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். மூலத்தை எழுதியவரும் அவரே. கடைசியில் மிஞ்சிய பிரச்சினை ஒரே ஒரு கமா: மூன்று பொருள்களை அடுக்கும்போது ‘அண்ட்’டுக்கு முன்னால் கமா போடுவதா, விடுவதா?

உடனே தலைவி தொண்டையைச் செருமினார். மற்றவர்களுக்குத் தெரியும், அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் பால் லாரி வரப்போகிறது என்று. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பெனியின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அடுக்கியிருந்த சட்டப் பிரிவில் ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. அதனால் பொருள் இரண்டுபட்டது. பொருள் இரண்டுபட்டதால் 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது. மறு வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது. உலகத்தில் எடிட்டர்கள் கைதட்டிக் கொண்டாடிய ஒரே தொழிலாளர் வழக்கு இதுவாகத்தான் இருக்கும். தலைவி இதைச் சொல்லும்போது, அந்த 50 லட்சமும் தன் கணக்கில் வந்து விழுந்ததுபோல் ஒரு பொலிவு முகத்தில்.

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. நாளிதழ்களில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கமா ஆகாது. ‘இடம் அடைக்கிறது’ என்பார்கள். சண்டை என்றால் கூச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். “மன்னிக்கவும், எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்தான்” என்று ஒருவர் ஆரம்பித்தால் அது கத்தியை உருவுகிற சத்தம். “நீங்கள் சொல்வதை மதிக்கிறேன்” என்றால் குத்திவிட்டார். “இதை ஒரு துணைக்குழுவுக்கு அனுப்பலாமே” என்று தலைவி சொன்னால் பிணத்தை எடுக்க ஆள் வந்தாயிற்று. கமாவுக்குத் துணைக்குழு அமைந்தது. அதன் முதல் வேலை, துணைக்குழுவின் பெயரில் ஹைஃபன் உண்டா என்று தீர்மானிப்பது.

சிரிக்கிறேனே தவிர, நம் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்கினால் இதைவிடச் சிறப்பாக நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பெயர்ப் பலகையில் ஒற்று மிகுமா, மிகாதா என்பதிலேயே முதல் கூட்டம் முடியும். இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு சங்கங்கள் வரும்.

ஆண்டு மாநாடுதான் தலைவிக்குத் தேர்த்திருவிழா. அமெரிக்கச் சங்கத்தின் மாநாட்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காரர்கள் வந்து, தங்கள் நடைக் கையேட்டில் என்ன மாற்றம் என்று அறிவிப்பது வழக்கம். 2011-இல் ‘இ-மெயில்’ என்பதில் ஹைஃபனை எடுத்தார்கள். அரை சென்டிமீட்டர்கூட இல்லாத கோடு அது. அது போனதற்குச் சிலர் ஆனந்தப்பட்டார்கள், சிலர் துக்கம் காத்தார்கள். 2014-இல் லாஸ் வேகஸ். எண்ணிக்கையைச் சொல்லும்போது ‘மோர் தேன்’ என்பதற்குப் பதில் ‘ஓவர்’ என்றும் எழுதலாம் என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்கச் சூதாட்டத்தில் சொத்தை இழந்தவர்கள் சத்தமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருக்க, இந்த ஒரு அரங்கில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த அரங்கில் இருந்தவர் என்றால் தலைவிகள் மத்தியில் தனி மரியாதை. மொழிப்போர்த் தியாகி மாதிரி.

சங்கத்தில் தேர்வுக் குழு என்று ஒன்று உண்டு. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தக் குழுவின் தலைவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். வினாத்தாள் எழுதி, ஏழெட்டுப் பேரிடம் காட்டித் திருத்தி அனுப்புவார். தேர்வு எழுதுகிறவர் யார்? அவரும் எடிட்டர். விடை எழுதுவதற்கு முன்னால் வினாத்தாளைத் திருத்திவிட்டுத்தான் மறு வேலை. பொருளாளரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வார்த்தைகளை நம்பி வாழ்கிற கூட்டத்தில் எண்களைப் பார்த்தால் பயப்படாத ஒரே ஆள் என்பதால் ஆயுட்காலப் பதவி.

செய்திமடல் வேறு இருக்கிறது. அதில் ஒரு பிழை வந்துவிட்டால் போதும், அதுவரை உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத உறுப்பினர்களிடமிருந்தெல்லாம் மெயில் வரும். ‘நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்திலும் கண்டிப்பாக ஒரு பிழை இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஜான் பாங்சண்ட் என்ற எடிட்டர் 1992-இல் விக்டோரியா மாநில எடிட்டர் சங்கத்தின் செய்திமடலில் இதைச் சட்டமாகவே வகுத்துவிட்டார். அடுத்தவர் பிழையைக் கண்டித்து எழுதினால் உன் எழுத்தில் ஒரு பிழை நிச்சயம்; கண்டிப்பு எவ்வளவு காரமோ, பிழை அவ்வளவு பெரிது. கெடக்கூடியது கெட்டே தீரும் என்கிற மர்ஃபி விதியின் தம்பி இது. பெயரிலேயே எழுத்தை முன்பின்னாக மாற்றி ‘மஃப்ரி விதி’ என்று வைத்தார். தலைவி இதை வாய்க்கு வாய் சொல்வார். தன் மெயிலில் பிழை வந்தால் மட்டும் போன் கீபோர்டைத் திட்டுவார்.

இத்தனை கிண்டலுக்கும் நடுவில் ஒன்று பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, தொழிலுக்குப் புதுசு. வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் புத்தகம் முழுக்கத் திருத்தி வாங்கிக்கொண்டு, காசு கேட்டதும் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். தலைவிக்குத் தயங்கித் தயங்கி எழுதினாள். அங்கே அப்போது ராத்திரி இரண்டு மணி. கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ஆறுதல் ஒரு வரிகூட இல்லை. ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய கடிதம், தேதி போட்டு, கெடு போட்டு, தயாராக இருந்தது. கீழே, ‘பத்து நாளில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் இது’ என்று அதைவிடக் குளிர்ந்த இன்னொன்று. முதல் கடிதத்துக்கே பணம் வந்துவிட்டது. இரண்டாவதை அனுப்ப முடியாமல் போனதில் தலைவிக்குக் கொஞ்சம் வருத்தம். அதில் ஓர் அரைப்புள்ளி நன்றாக அமைந்திருந்ததாம்.

பதவி முடிகிறபோது எல்லாத் தலைவியும், “போதும்ப்பா, இனிமேல் தோட்டம், பேரன், பூனை” என்பார். அடுத்த மாதமே ‘முன்னாள் தலைவர்’ என்ற பதவியில் அதே ஜூமில் அதே சதுரத்தில் இருப்பார். பொறுப்பை ஒப்படைக்கிற ஆவணம் ஒன்று தயாரித்துக் கொடுப்பார்கள். அண்மையில் எங்கள் தலைவி கொடுத்ததைப் பார்த்தேன். பொருளடக்கம், பொருளகராதி எல்லாம் போட்டு அறுபது பக்கம். வங்கிக் கணக்கு, இணையதளம், உறுப்பினர் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் வரிசையாக. புதுத் தலைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உறுப்பினர் பட்டியல் மட்டும் திறக்கவில்லை. மறுபடி அடித்தார். இல்லை. பார்த்துப் பார்த்து அடித்ததில் கணக்கே பூட்டிக்கொண்டது.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. கடவுச்சொல்லில் இரண்டு வருஷங்கள், நடுவில் ஹைஃபன். வருஷத்திலிருந்து வருஷம் என்றால் ஹைஃபன் போடக்கூடாது, அதைவிட ஒரு நூலிழை நீளமான கோடு போட வேண்டும் என்பது இவர்கள் ரத்தத்தில் ஊறிய விதி. ஆவணத்தைக் கடைசியாக மெய்ப்புப் பார்த்த துணைத்தலைவர் அதையும் விடாமல் திருத்தியிருக்கிறார்.

பூட்டைத் திறக்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கடவுச்சொற்களுக்கு நடை விதிகள் பொருந்துமா என்பதற்குப் போட்ட துணைக்குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. அதில் இரண்டு இடம் காலி என்று நேற்று மெயில் வந்தது. அந்த மெயிலில் ஓர் இடத்தில் கமா தப்பு. நான் கண்டுகொள்ளவில்லை.