சலாசர் காத்த கோவா

கோவாவைக் காக்கப் போர்த்துகல் பிரதமர் சலாசர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்குரிய புகழை உலகம் இன்னும் அவருக்குத் தரவில்லை.

முதலில் அவருடைய சட்ட ஞானம். காலனி என்று இருந்தால்தானே விடுதலை கேட்பார்கள்? 1951-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, கோவாவைக் ‘கடல்கடந்த மாகாணம்’ ஆக்கிவிட்டார். கல், சுண்ணாம்பு செலவில்லாமல் இப்படியொரு அரணை எந்த மன்னன் எழுப்பினான்?

அடுத்து ஆயுத பலம். 1955 ஆகஸ்ட் 15 அன்று கொடியும் கையுமாக எல்லை தாண்டி வந்த சத்தியாகிரகிகளில் இருபதுக்கு மேற்பட்டோர் அவருடைய காவற்படையின் குண்டுக்குப் பலியானார்கள். எதிரி கையில் ஒரு தடிகூட இல்லாதபோது அந்தப் படை காட்டிய தீரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

1961-இல் இந்தியா டாங்கிகளோடு வரப்போகிறது என்று தெரிந்தது. அதற்கும் திட்டம் தயார். கோவா நான்கு பிரிவுகளானது; எந்தப் பாலத்தை எப்போது தகர்ப்பது என்றுகூட எழுதிவைத்தார்கள். கோவாவில் ஒரு போர் விமானம்கூட இல்லை. எதிரி வானில் வரமாட்டான் என்ற பெருந்தன்மையான நம்பிக்கைதான். கடலுக்கு, 1930-களில் கட்டிய ‘அஃபோன்சு டி அல்புகர்க்’ கப்பல். பழமையின் அருமை தெரிந்தவர் அவர்.

எல்லாவற்றுக்கும் மகுடம், டிசம்பர் 14-ஆம் தேதி அனுப்பிய தந்தி. சரணடையக் கூடாது, சிறைப்படக் கூடாது. வெல்ல வேண்டும், இல்லையேல் மாள வேண்டும். எட்டு நாளாவது தாக்குப்பிடித்தால், அதற்குள் உலக நாடுகளிடம் அவர் நியாயம் கேட்டுவிடுவார். கர்ணன்கூடத் தன் உடம்பில் இருந்த கவசத்தைத்தான் அறுத்துக் கொடுத்தான். சலாசரோ, தான் ஒருமுறைகூடக் கால் வைக்காத மண்ணுக்காக மூவாயிரத்துச் சொச்சம் பேரின் உயிரை, லிஸ்பன் நாற்காலியை விட்டு எழாமலே வாரி வழங்கினார்.

அந்தக் கொடையின் மேன்மை கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வாவுக்குப் புரியவில்லை. டிசம்பர் 18-இல் இந்தியப் படை நுழைந்தது. மறுநாள் இரவே சரணடைந்துவிட்டார். பழைய கட்டடங்களைத் தகர்க்கச் சொன்ன உத்தரவையும் நிறைவேற்றவில்லை. ஊர் திரும்பியவரை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். நியாயம்தானே? இத்தனை பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிற ஆளுக்கு அப்படிப்பட்ட ராணுவத்தில் என்ன வேலை?