பார்சலுக்கு எத்தனை பிரெஞ்சு?

கே: பாரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறேன். அவன் வேலைக்குப் போனபின் பார்சல்காரர் வந்தால் என்ன பேசுவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ப: முதலில் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் கை நீட்டினால் அங்கே முகம் சுளிப்பார்கள். ‘சின்யே இசி’ என்றால் கையெழுத்துப் போடுங்கள். ‘மெர்சி’ சொல்லிக் கதவைச் சாத்தலாம். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தால் தபால்பெட்டியில், அவர் வந்துபோனதைச் சொல்லும் ‘அவி தெ பசாஜ்’ சீட்டு கிடக்கும். அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, சீட்டில் போட்டிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெட்டியில் மகன் பெயரோடு உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். பேச்சு பழக வேண்டுமா? கடலூர் வழியாகப் புதுச்சேரி பக்கம்தானே! அங்கே பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இருக்கிறது. ஊரிலிருந்து பால்கோவா மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். பால் பண்டம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பார்சலில் வரக்கூடாது. சுங்கத்தில் மாட்டினால் ‘போன்ஜூர்’ எடுபடாது.