நாலு பாட்டு, ஒரு தட்டு

நானே எழுதி, மெட்டமைத்து, கிற்றாரோடு பாடிய நாலு பாட்டை வெளியிடப்போகிறேன். "இவ்வளவுதானோ?" என்கிறார்கள். (கோண்டாவில் வாசகர்)

நாலே முழுசுதான், தம்பி. 1950களில் பரவிய ஏழு அங்குல ஈ.பி. இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏழு நிமிடமளவில்தான் இடம். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு பாட்டு. அதற்குமேல் நெருக்கினால் ஊசி ஓடும் வரிகள் ஒடுங்கும், சத்தம் மெலியும். ஐந்தாவது பாட்டு எவ்வளவு நல்லதானாலும் வீட்டில்தான் நிற்கும். இன்று அந்தக் கண்டிப்பை யாரும் விதிப்பதில்லை. நீங்களே விதித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

சொந்தப் பாட்டைத் தானே பாடும் வழியில் எங்களுக்கு முன்னோடி யார்? (உரும்பிராய் வாசகர்)

உங்கள் ஊரவர்தான்! நித்தி கனகரத்தினம். அவர் பாடிய 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் அரை நூற்றாண்டு கடந்தும் எங்கள் கலியாண வீடுகளில் ஒலிக்கின்றன. அதுவரை நாங்கள் கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவை சென்னை சினிமாவின் தமிழில் இருந்தன. இவர் பாட்டில் எங்கள் திண்ணை பேசியது. அதை வெறும் துள்ளல் என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்பதே என் தீர்ப்பு.

'சுராங்கனி' தமிழா, சிங்களமா? (வல்வெட்டித்துறை வாசகர்)

மொழி சிங்களம். பாடிப் புகழ்பெறச் செய்தவர் தமிழர், ஏ. ஈ. மனோகரன். தாளம் பைலா. போர்த்துக்கீசரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இலங்கைத் தீவுக்கு வந்த தாளம் அது. 1940களில் அதை மேடையேற்றியவர் வாலி பஸ்டியன் என்ற பொலிஸ்காரர். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்தாண்டதும் தமிழ்நாடும் சேர்ந்து பாடியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாட்டுக்கும் எங்கள் பாட்டுக்கும் என்ன உறவு? (மானிப்பாய் வாசகர்)

கிற்றார், ஊர்க்கதை, குடி. 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில் இறந்த ஹாங்க் வில்லியம்ஸ் குடியின் துயரத்தை உள்ளிருந்து பாடினார். எங்கள் நித்தி கனகரத்தினமோ கள்ளுக்கடை வாசலிலேயே மறித்து நின்று பாடினார்.

கரண்ட் இல்லாத காலத்தில் பாட்டு எப்படிக் கேட்டீர்கள்? (திருநெல்வேலி மாணவி)

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தங்கச்சி. போர்க்காலம்; 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பின்சில்லில் தைனமோ, தைனமோவில் இருந்து வயர், வயர் முடிவில் றேடியோவோ ரேப் றெக்கோடரோ. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம். கை சோர்ந்தால் ரேப்பில் பாடுகிறவரின் குரலும் சோரும். "சுத்தடா!" என்று ஒரு சத்தம் வரும், பாடகர் மறுபடி உயிர்ப்பார். எனக்கு விருப்பமான பாட்டு வரும்போது சுற்றுகிற முறை எப்போதும் என்னுடையதாகவே இருந்தது. முறை மாற்ற எழும்பினால் ஒரு வரி தப்பிவிடும் என்ற பயம். இன்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது அந்தக் கைவலியை நினைத்துக்கொள்கிறேன்.

அப்பப்பாவின் பழைய 78 சுற்றுத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? (கரவெட்டி வாசகர்)

தொடவே கூடாது! அவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். மென்மையான துணியால் தூசு தட்டி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இசைத்தட்டுப் பெட்டியை யார் தூக்கினார்கள்? உங்கள் வீட்டில் தப்பியவை ஊருக்கே சொத்து.

வெளியீட்டு விழாவை எப்படி நடத்துவது? (நல்லூர் வாசகர்)

விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை. இவை முடிய இரண்டு மணித்தியாலம். நாலு பாட்டுக்கோ கால் மணித்தியாலம் போதும். வீரசிங்கம் மண்டபமானாலும் ஊர்ச் சனசமூக நிலையமானாலும் பாட்டை முதலில் பாடுங்கள். பேச்சாளருக்கும் பேசப் பொருள் கிடைக்கும்.

உறையில் என்ன எழுதலாம்? (மீண்டும் கோண்டாவில் வாசகர்)

எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்த ஒவ்வொருவரின் பெயர், பதிந்த இடம், நாள். எங்கள் பழைய பாட்டுகளில் பாடியவர் பெயர் மிஞ்சியது. வரி எழுதியவரும் தபேலா வாசித்தவரும் எத்தனையோ பாட்டுகளில் பெயரின்றிப் போனார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி சேரட்டும். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், தம்பி. உறையை வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவேன்.