மாப்பிள்ளைக்கு நேரமில்லீங்களாமா!

ஏனுங் மாப்ளே, டாக்டரு நடக்கச் சொன்னாருன்னீங்க. அடுத்த மூச்சுலயே, "எங்கீங் மாமா நேரம்?"னீங்க. வாஸ்தவந்தானுங். ரெண்டு புள்ளைங்க, கம்பெனி வேலை, அப்பார்ட்மென்ட்டு மீட்டிங்கு, இதுக்கு நடுவால மனுசன் எங்க போயி நடக்கறது? நானும் ஊருல இருந்து வந்த நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். உங்க நேரமெல்லாம் வண்டியத் திருப்பறதுக்கே செரியாப் போயிருதுங்.

பையன் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அதுக்கு வெடியால நீங்க கெளம்பற அழகு இருக்குதே! லிஃப்டுல அடியில எறங்கி, குறுக்கால வண்டிய உட்டவருக்குப் போன் போட்டு நகத்தச் சொல்லி, ஹெல்மெட்டத் தேடி, பையன முன்னாலயும் பைய பின்னாலயும் ஏத்தி, ரோட்டு நடுவுல தடுப்புங்கறதால தெக்கால போயி யூ-டர்ன் அடிச்சு, மறுக்கா வடக்கால வந்தா, பள்ளிக்கூடத்து வாசல்ல வண்டி நிறுத்த எடமில்ல. நம்ம வாட்ச்மேன் பேத்தி சடைய ஆட்டிக்கிட்டு நடந்து போயி, அதுக்குள்ள பெஞ்சுல உக்காந்திருக்கும்.

ஞாயித்துக்கெழமை கூத்து தனி. நடக்கறதுக்கு ரேஸ்கோர்சுக்குக் காருல போறீங்க. நடைபாதைக்கு ஒட்டுனாப்புல எடம் கெடைக்கோணும்னு காருலயே சுத்திச் சுத்தி வர்றீங்க. சுத்துன பலன் காருக்கு. அப்பறம் கொஞ்சம் நடந்துட்டு, களைச்சுப் போச்சுன்னு ஒரு நெய் ரோஸ்ட்டு. அது உங்களுக்கு.

அட, கையில கட்டியிருக்கற கடியாரம் பத்தாயிரம் அடி கேக்குதுன்னு வருத்தப்படறீங்களே, அந்தப் பத்தாயிரம் ஆரு சொன்ன கணக்குங்? என்ற புள்ளையப் போனுல பாத்துச் சொல்லச் சொன்னேன். 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக்ஸ் நடந்துச்சாமா. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள, 1965ல ஒரு ஜப்பான் கம்பெனி அடி எண்ணற மிசினு ஒண்ண, பேருலயே பத்தாயிரத்தச் சேத்து வித்துச்சாமா. வைத்தியரு எழுதுன சீட்டுன்னு நெனச்சீங்களாக்கும்? வித்தவன் ஒட்டுன லேபிளுங் அது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குக் கேக்கறது வாரத்துக்கு 150 நிமிசம். எச்சா நடந்தா எச்சா நல்லது, அவ்வளவுதான். நடையில கொஞ்சம் வேகம் வேணும். பேச்சு வரோணும், பாட்டு வரக்கூடாது, அதுதான் அளவு. நீங்க உக்காந்து பாடுனாலே பாட்டு வர்றதில்ல, அது வேற சமாச்சாரம். ஒரே தாட்டியா பத்து நிமிசம் நடந்தாத்தான் கணக்குல சேத்தின்னு முன்னால சொல்லிட்டு இருந்தாங்க. 2020ல அதையும் எடுத்துப்போட்டாங்க. சில்லறையாப் போட்டாலும் உண்டியல் நெறையுமுங்.

இன்னொரு கதையும் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. லண்டன்ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டரு. அப்ப அங்கத்த மாடி பஸ்ஸுல டிரைவரு நாளெல்லாம் உக்காந்திருப்பாரு, கண்டக்டரு மேலயும் கீழயும் படியேறி எறங்கி டிக்கெட்டுக் கிழிப்பாரு. டிரைவருங்களவிடக் கண்டக்டருங்களுக்கு மாரடைப்பு கம்மின்னு 1953ல எழுதுனாரு. அத்தோட உடல. யூனிஃபாரம் தைச்ச அளவையெல்லாம் வாங்கிப் பாத்து, டிரைவருங்க வேலைக்குச் சேரும்போதே இடுப்பு எச்சாத்தான் இருந்திருக்குதுன்னு 1956ல அவரே சொல்லிட்டாரு. நேர்மையான மனுசன். நீங்களும் உங்க தொந்திக்குக் கம்பெனி நாற்காலியவே குத்தஞ் சொல்லாதீங்க. கலியாணத்துக்குக் கோட்டுத் தைச்ச அளவு என்கிட்ட இருக்குது.

நாங்க அந்தக் காலத்துல பத்து மைலு நடந்தோம்னு கதை உட மாட்டனுங். சைக்கிளு இருந்திருந்தா நானும் ஏறித்தான் போயிருப்பேன். ஆனா பையன இன்னைக்கு நாந்தான் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். வழியில ஒரு எருக்கஞ்செடி. மொட்டப் பொறிச்சு ரெண்டு வெரல்ல வெச்சு 'டப்'புனு ஒடைக்கறான். அடுத்தாப்புல எறும்புச் சாரை, அங்க குத்த வெச்சுட்டான். பொறவு ஒரு கல்லு, அது டவுசர் பாக்கெட்டுக்குள்ள போச்சு. நடுவால, ஆரும் கேக்காமலே, கணக்கு டீச்சரு வேற ஊருக்கு மாறிப் போறதையும், பக்கத்துப் பையனோட டூ உட்டதையும் சொல்றான். நீங்க வீட்டுல கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கறானே, அதெல்லாம் ரோட்டுல கெடக்குதுங். ஹெல்மெட்டுக்குள்ள காது வெச்சிருந்தா எப்படிக் கேக்கும்?

புள்ளைகளுக்கு நாளைக்கு சராசரி ஒரு மணி நேரம் ஒடம்பு ஆடோணுமாமா. அதனால போறப்ப அவன் நடை, வர்றப்ப உங்க நடை. உட்டுட்டுத் திரும்பறப்ப கையிலயும் ஆளில்ல, காலுலயும் கட்டில்ல, விசுக்கு விசுக்குன்னு வாங்க. மெயின் ரோடு வேண்டாம், உள் சந்து இருக்குது. நடைபாதை இல்லாத எடத்துல வலது ஓரமா, எதுக்கால வர்ற வண்டியப் பாத்து நடங்க, புள்ளைய வண்டி வராத பக்கமாப் போட்டுக்கோங்க.

அப்பறம் அந்தக் கம்பெனி மீட்டிங்கு. வாயத் தொறக்காம காதுல மாட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கறீங்களே, அதைய மொட்டை மாடியில நடந்துக்கிட்டே கேட்டா மேனேஜரு கண்டுபிடிச்சுருவாரா? பத்து ரூவாக் கருவேப்பலைக்கு ஆப்புல சொல்றீங்க. ஒரு பையன் வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வர்றான். உங்க அடியெல்லாம் அவன் கணக்குல ஏறுதுங்.

கோவிச்சுக்காதீங்க மாப்ளே, அந்தக் கடியாரத்த ஒரே ஒரு நாளு என்ற புள்ள கையில கட்டி உடுங்க. அடுப்படிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் துணிக் கொடிக்கும், சின்னவ எறிஞ்ச பொம்மைக்கும் பெரியவன் தொலைச்ச சாக்ஸுக்கும். பாவம், கடியாரத்துக்கே மூச்சு வாங்கும். இந்த வீட்டுல நடக்கறதுக்கு வேலையில்லைன்னு ஆரு சொன்னது? எல்லாத்தையும் ஒருத்தியே நடந்து தீத்துப்போடறா. அதுல பாதிய வாங்கிக்கோங்க. துணிக்கூடையத் தூக்கிட்டுப் படியேறுங்க, குப்பைய எறக்குங்க. ராத்திரி உண்டதும் சோபாவுல சாயாம நாலு பேருமாத் தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வாங்க. உண்டதும் நடந்தா சக்கரை ஏறறது மட்டுப்படுமாமா. உங்களுக்கு நேரம் கெடைக்குதோ இல்லையோ, அவளுக்குக் கொஞ்சம் கெடைக்கும். பெத்தவன் வேற எதுக்குங் இத்தன பேசறான்?

செரி, ரசத்துக்குத் தக்காளி இல்லையாமா, எந்திரிங்க. சின்னவளையும் கையில புடிச்சுக்கோங்க. எதுக்குங் அந்த டிராயரக் கொடையறீங்க? வண்டிச் சாவி என்ற வேட்டி மடிப்புல பத்திரமா இருக்குது.