காக்கையும் டாட் காமும்

மனைவி வடாம் விற்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. பாட்டி பெயரைத்தான் வைத்திருக்கிறாள். லேபிள் அச்சுக்குப் போகும்போது, "வெப்சைட் முகவரி போடலையா?" என்று கேட்டவன் நான். "பத்து நிமிஷ வேலை" என்று சொன்னவனும் நான். நான் பத்து நிமிஷம் என்று சொன்ன குளியலறைக் குழாய்க்கு அடியில் இன்னமும் வாளி இருக்கிறது.

பாட்டி பெயரில் டாட் காமை 2011-லேயே யாரோ பதிவு செய்துவிட்டார். திறந்தால் ஒரே வரி: ‘இந்தப் பெயர் விற்பனைக்கு.’ முகவரி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் ஆள் பெயரை மறைத்திருந்தார்கள். காலாவதி தேதி மட்டும் தெரிந்தது.

விலை கேட்டேன். 800 டாலர். சந்தையில் கத்திரிக்காய் வாங்கிப் பழகிய மூளை சும்மா இருக்குமா? மச்சினனையும் அண்ணன் மகளையும் வேறு வேறு ஆள் போல அடிமாட்டு விலைக்குக் கேட்கச் சொன்னேன். மறுநாள் விலை 2,500 டாலர். ஒரே கூடையை மூன்று பேர் சுற்றி நின்றால் சொத்தைக் கத்திரிக்காய்க்கும் கிராக்கி வரும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

சட்டத்தைப் புரட்டினேன். 2004-ல் மைக் ரோ என்ற கனடா பள்ளி மாணவன் தன் பெயரோடு ‘சாஃப்ட்’ சேர்த்து முகவரி வைத்திருந்தான். மைக்ரோசாஃப்ட் மல்லுக்கு நின்று, கடைசியில் எக்ஸ்பாக்ஸ் கொடுத்துச் சமாதானம் ஆனது. நாமும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் புகார் கொடுக்கலாமே! கட்டணம் 1,500 டாலர். நம்மிடம் வணிகச் சின்னம் இருக்க வேண்டும், எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது, அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தியிருக்க வேண்டும்.

"அவர் வாங்கினது 2011. நான் வடாம் போட்டது போன மாசி. இதில் கெட்ட எண்ணம் யாருக்கு?" என்றாள் மனைவி. கேஸ் சமையலறையிலேயே தள்ளுபடி.

சரி, காலாவதியாகட்டும் என்று காத்திருந்தேன். மனுஷன் செத்தால் பதினாறாம் நாளோடு காரியம் முடிகிறது. டாட் காமுக்கு அப்படியில்லை. பதிவு நிறுவனம் 45 நாள் வரை பொறுக்கலாம். பிறகு அபராதம் கட்டி மீட்க 30 நாள். அதற்கும் பிறகு 5 நாள் கழித்துத்தான் பெயர் பொதுவுக்கு வரும்.

காலாவதி தேதி நல்ல சித்திரை வெயிலில் வந்தது. மாடியில் பழைய வேட்டியில் வடாம் பிழிந்திருந்தார்கள். கறுப்புக் குடையோடு எனக்குக் காக்கை காவல். ஒரு கையில் குடை, மறு கையில் செல்போன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஹூயிஸ். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தேதி மாறியது. புண்ணியவான் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால், வேட்டியின் ஓரத்து மூன்று வரிசையைக் காணோம். தண்ணீர்த் தொட்டி மேல் காக்கை அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் காலேஜிலிருந்து வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல், டாட் இன் பதிவு செய்து கொடுத்தாள். அறுநூறு ரூபாய் சொச்சம். முதல் நாளிலிருந்தே அது காலியாகத்தான் இருந்திருக்கிறது.